இங்கிலாந்தில் பார்டர் டெரியர் வளர்க்கப் போகிறவர்களுக்கு: ஆவணங்கள், செலவு, பராமரிப்பு

சிறிய வீட்டுக்கு ஏற்ற சிறிய நாய் என்று எண்ணிப் பார்டர் டெரியர் குட்டி வாங்க நினைக்கும், இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் இதில் இறங்கியபோது வேண்டிய விவரங்கள் ஓரிடத்தில் கிடைக்கவில்லை. சட்டம் கவுன்சில் பக்கங்களிலும், நோய் பற்றிய செய்தி கால்நடை மருத்துவரிடமும், முடி பற்றிய அறிவு பூங்காவில் சந்தித்த பழைய நாய்க்காரர்களிடமுமாகச் சிதறிக் கிடந்தது. அவற்றைச் செய்ய வேண்டிய வரிசையில் கீழே தருகிறேன். சட்ட விவரங்கள் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் சில விதிகள் வேறுபடும்.

1. குணம் உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா என்று பாருங்கள்

வளர்ந்த பார்டர் டெரியரின் எடை ஐந்திலிருந்து ஏழு கிலோவுக்குள் அடங்கும். ஆயினும் இது மடியில் வைத்துக் கொஞ்சுவதற்காக உருவாக்கப்பட்ட இனம் அன்று. வேட்டைக் குதிரைகளுக்குப் பின்னால் நாள் முழுதும் ஓடி, நரி பதுங்கிய வளைக்குள் நுழைந்து அதை வெளியே விரட்டுவதே இதன் வேலையாக இருந்தது. தோளுக்குப் பின்புறம் இரு கைகளாலும் வளைத்துப் பிடித்தால் விரல்கள் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு மார்பு ஒடுங்கியிருக்க வேண்டும் என்று இன்றும் கண்காட்சி நடுவர்கள் பார்ப்பது இதனால்தான்.

மனிதரிடத்தில் இந்த நாய் மிகவும் இணக்கமானது. குழந்தைகளோடு நன்றாகப் பழகும். மற்ற டெரியர்களோடு ஒப்பிட்டால் குரைப்பும் சண்டைக் குணமும் குறைவு. ஆனால் அணில், முயல், எலி, பக்கத்து வீட்டுப் பூனை ஆகியவற்றைக் கண்டால் உங்கள் குரல் அதன் காதில் ஏறாது. குட்டியிலிருந்தே உடன் வளர்ந்த பூனையை அது ஏற்றுக்கொள்ளக்கூடும். முயலோ ஹாம்ஸ்டரோ உள்ள வீட்டுக்கு இந்த இனத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மண்ணைத் தோண்டுவது இதன் இயல்பு. அதைப் பயிற்சியால் முழுதாக மாற்ற முடியாது. ஆகவே குட்டி வருவதற்கு முன்பே தோட்ட வேலியின் அடிப்பகுதியைக் குனிந்து பாருங்கள். பலகைக்கும் தரைக்கும் இடையே கைமுட்டி நுழையும் சந்து இருந்தால் அதுவே குட்டிக்கு வாசல் ஆகிவிடும். கம்பி வலையை வேலியோரமாக மண்ணுக்குள் ஓரடி புதைத்துவிடுவது செலவு குறைந்த தீர்வு.

வளர்ந்த நாயைக்கூட நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து தனியே விடக்கூடாது என்பது இங்குள்ள விலங்கு நல அமைப்புகளின் பொதுவான அறிவுரை. குட்டிக்கு அந்த அளவும் அதிகம். கணவன், மனைவி இருவரும் காலையில் சென்று மாலையில் திரும்பும் வேலையில் இருந்தால், பகலில் வந்து நடத்திச் செல்பவருக்கான கூலியையும் மாதக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த நாய் பதினான்கு ஆண்டுகள் வரை வாழ்வது சாதாரணம் என்பதையும் அந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2. வீட்டுக்கான அனுமதியை எழுத்தில் பெறுங்கள்

வாடகை வீட்டில் இருப்பவர்கள் குட்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் உரிமையாளரிடமிருந்து எழுத்து மூலமான ஒப்புதலைப் பெற வேண்டும். 2025ஆம் ஆண்டின் வாடகைதாரர் உரிமைச் சட்டப்படி, செல்லப்பிராணி வைத்துக்கொள்ள நீங்கள் எழுத்தில் கேட்டால் உரிமையாளர் 28 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தக்க காரணமின்றி மறுக்கவும் கூடாது. இது 2026 மே 1 முதல் நடைமுறைக்கு வரும் மாற்றம். ஏஜென்சிக்காரர் தொலைபேசியில் சொல்லும் ‘பரவாயில்லை, வைத்துக்கொள்ளுங்கள்’ என்ற சொல்லை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பலர் கவனிக்கத் தவறும் இன்னொன்று உண்டு. பிளாட்டைச் சொந்தமாக வாங்கியவர்களும் பெரும்பாலும் லீஸ்ஹோல்டு எனப்படும் நீண்டகாலக் குத்தகை முறையில்தான் வாங்கியிருப்பார்கள். அந்த லீஸ் பத்திரத்தில் நாய் வளர்க்கக் கட்டட நிர்வாகத்தின் ஒப்புதல் வேண்டும் என்ற விதி இருக்கக்கூடும். பத்திரத்தை எடுத்துப் படித்துவிடுங்கள்.

3. சரியான பிரீடரைக் கண்டுபிடியுங்கள்

இந்தக் கட்டத்தில்தான் காலம் அதிகம் செல்லும். நல்ல பிரீடர்கள் குட்டி ஈன்ற பிறகு விளம்பரம் செய்வதில்லை. முன்பே பெயர் கொடுத்தவர்களின் பட்டியல் அவர்களிடம் இருக்கும். மாதக் கணக்கில் காத்திருக்க மனத்தைத் தயார்செய்துகொண்டு, நாய் இனங்களைப் பதிவுசெய்யும் அமைப்பான கென்னல் கிளப்பின் பட்டியலிலிருந்தும் பார்டர் டெரியர் கிளப்புகளின் செயலாளர்கள் வழியாகவும் தேடத் தொடங்குங்கள். அவர்கள் உங்களிடம் பல கேள்விகள் கேட்பார்கள்: வேலை நேரம் என்ன, தோட்டம் எப்படி, இதற்கு முன் நாய் வளர்த்ததுண்டா, விடுமுறைக்கு ஊருக்குப் போனால் என்ன செய்வீர்கள். இதை அவமதிப்பாகக் கொள்ள வேண்டாம். ஒரு கேள்வியும் கேட்காமல் வங்கி எண்ணை மட்டும் அனுப்புகிறவரைக் கண்டுதான் அஞ்ச வேண்டும்.

இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல், ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளை இடைத்தரகர் வாணிபமாக விற்பது தடைசெய்யப்பட்டுள்ளது. ஆகவே, குட்டி பிறந்த வீட்டிலேயே, தாயுடன் சேர்த்துத்தான் அதைப் பார்க்க வேண்டும். ‘தாய் நடைப்பயிற்சிக்குப் போயிருக்கிறது’, ‘நெடுஞ்சாலைச் சேவை நிலையத்தில் பாதி வழியில் சந்திக்கலாம்’ என்று எதைச் சொன்னாலும் திரும்பி வந்துவிடுங்கள். பன்னிரண்டு மாதத்தில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஈற்றுகளை வளர்த்து விற்பவர் கவுன்சிலின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அந்த உரிம எண் அவருடைய விளம்பரத்தில் இருக்க வேண்டும். எட்டு வாரம் நிறைவதற்கு முன் குட்டியை வீட்டுக்கு எடுத்து வரக்கூடாது.

கென்னல் கிளப் பதிவுள்ள குட்டிக்கு 1,000 பவுண்டிலிருந்து 1,500 பவுண்டு வரை கேட்பது வழக்கம். விலை மிகக் குறைவாக இருந்தால் மகிழ்ச்சியைவிடச் சந்தேகமே பொருத்தமானது. வளர்ந்த நாயை ஏற்கத் தயங்காதவர்கள் இந்த இனத்துக்கென்றே உள்ள மீட்பு அமைப்புகளிடமும் பெயர் பதியலாம். அங்கே கட்டணம் மிகக் குறைவு, காத்திருப்பு மட்டும் நிச்சயமில்லாதது.

4. பணம் கொடுக்கும் முன் கையில் வாங்க வேண்டிய தாள்கள்

முதலாவது, தாய் தந்தை இரண்டுக்கும் எடுத்த எஸ்.எல்.இ.எம். மரபணுச் சோதனையின் முடிவு. எஸ்.எல்.இ.எம். என்பது பார்டர் டெரியர் இனத்தில் காணப்படும் பரம்பரை நரம்பு நோய். நோயுள்ள குட்டி எழுந்து நடக்கத் தொடங்கும் வயதிலேயே உடல் முழுதும் நடுங்கித் தள்ளாடும். பெற்றோர் இரண்டிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால் மட்டுமே நோய் தோன்றும். எனவே இரண்டில் ஒன்றாவது ‘கிளியர்’ (குறையுள்ள மரபணு இல்லாதது) என்று சான்று பெற்றிருந்தால் குட்டிக்கு இந்த நோய் வராது. இரண்டும் ‘கேரியர்’ (அந்த மரபணுவைச் சுமப்பவை) என்றால் அந்த ஈற்றை விட்டுவிடுங்கள். ‘எங்கள் வம்சத்தில் அப்படி எதுவும் வந்ததில்லை’ என்ற வாய்ச்சொல்லோடு தாளைக் காட்டாமல் நழுவிய ஒருவரை நாங்களும் சந்தித்தோம். தாள் இல்லையெனில் சோதனை இல்லை என்றே கொள்ளுங்கள்.

இரண்டாவது, மைக்ரோசிப் சான்று. குட்டியை விற்பதற்கு முன்பே பிரீடர் தம் பெயரில் சிப்பைப் பதிந்திருக்க வேண்டும் என்பது சட்டம். சான்றில் உள்ள பெயரும் உங்கள் எதிரில் நிற்பவரின் பெயரும் வேறாக இருந்தால் குட்டி வேறெங்கிருந்தோ வாங்கி வரப்பட்டது என்று பொருள். வீட்டுக்கு வந்தவுடன் பதிவை உங்கள் பெயருக்கும் முகவரிக்கும் மாற்றிக்கொள்ள வேண்டும். பின்னாளில் வீடு மாறும்போது வங்கிக்கும் கவுன்சிலுக்கும் தெரிவிக்கிற நாம் இதை மறந்துவிடுகிறோம். தவறான விவரத்தைத் திருத்தச் சொல்லி அறிவிப்பு வந்த பிறகும் திருத்தாவிட்டால் 500 பவுண்டு வரை அபராதம் உண்டு.

இவற்றோடு கென்னல் கிளப் பதிவுச் சான்று, குடற்புழு மருந்து கொடுத்த தேதிகள், தடுப்பூசி போட்டிருந்தால் அதன் அட்டை, இதுவரை உண்ட உணவின் பெயரும் அளவும், இருவரும் கையொப்பமிட்ட விற்பனை ஒப்பந்தம் ஆகியவற்றையும் கேட்டு வாங்குங்கள். உங்கள் நாயின் குட்டிகளைப் பிற்காலத்தில் பதிவுசெய்ய முடியாதபடி பிரீடர் கட்டுப்பாடு விதித்திருக்கலாம். அது ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்பதைக் கையொப்பமிடும் முன்பே பாருங்கள்.

5. முதல் மாதத்துக்குள் முடிக்க வேண்டியவை

வந்த சில நாட்களுக்குள் கால்நடை மருத்துவரிடம் பெயர் பதிந்து, குட்டியை ஒருமுறை முழுதாகப் பரிசோதிக்கச் செய்யுங்கள். டிஸ்டெம்பர், பார்வோ, ஹெப்படைடிஸ், லெப்டோஸ்பைரோசிஸ் ஆகியவற்றுக்கான தடுப்பூசி சில வார இடைவெளியில் இரண்டு தவணையாகப் போடப்படும். இரண்டும் சேர்ந்து 60 முதல் 90 பவுண்டு வரை ஆகும். ஊரிலிருந்து வந்தவர்கள் முதலில் கேட்பது வெறிநாய்க்கடி ஊசியைப் பற்றித்தான். இங்கே அது வெளிநாட்டுப் பயணத்துக்கு மட்டுமே போடப்படுகிறது. மாறாக, நத்தைகளின் வழியே பரவும் நுரையீரல் புழுவுக்கு எதிரான மருந்தைப் பற்றி நீங்களாகவே கேளுங்கள். மழைக்காலத் தோட்டத்தில் கண்டதையெல்லாம் வாயில் போடும் டெரியருக்கு அது முக்கியம்.

பொது இடத்தில் நாயின் கழுத்துப்பட்டையில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் பொறித்த தகடு இருக்க வேண்டும். தவறினால் அபராதம் விதிக்கப்படலாம். மைக்ரோசிப் இருப்பது இதற்கு மாற்றாகாது. சட்டம் தொலைபேசி எண்ணைக் கேட்கவில்லை என்றாலும் அதையும் பொறித்துவிடுங்கள். காணாமற்போன நாயைக் கவுன்சில் ஏழு நாட்கள் வரைதான் வைத்திருக்கும்; அதன் பின் வேறொருவருக்குக் கொடுத்துவிட அதற்கு உரிமை உண்டு.

பதினான்கு வார வயதுக்குள் குட்டி எவற்றையெல்லாம் பார்த்துக் கேட்டுப் பழகுகிறதோ அவற்றுக்குப் பிற்காலத்தில் பெரும்பாலும் அஞ்சாது. தடுப்பூசி முடியும் வரை தரையில் விட முடியாது என்பதற்காக வீட்டிலேயே அடைத்து வைக்காமல், கையில் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தம், பள்ளி வாசல், கடைத்தெரு என்று காட்டி வாருங்கள். குக்கர் விசில், மிக்சி, வீடு நிறைய வரும் விருந்தினர் ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேரும்.

6. காப்பீட்டைத் தள்ளிப்போடாதீர்கள்

மனிதருக்கு உள்ள என்.எச்.எஸ். போன்ற ஏற்பாடு நாய்க்கு இல்லை. ஓர் அறுவைச் சிகிச்சை ஆயிரக்கணக்கான பவுண்டில் முடியலாம். காப்பீட்டில் பல வகைகள் உள்ளன. விபத்துக்கு மட்டும் ஒன்று, ஒரு நோய்க்குப் பன்னிரண்டு மாதம் மட்டும் ஒன்று, ஒரு நோய்க்கு மொத்தமாக இவ்வளவு என்று ஒன்று, ஒவ்வோர் ஆண்டும் தொகை புதுப்பிக்கப்படும் ‘லைஃப்டைம்’ ஒன்று. கட்டணம் கூடுதலாக இருந்தாலும் நான் சொல்வது கடைசி வகையைத்தான். பார்டர் டெரியருக்கு வரும் தொல்லைகளில் பல நெடுநாள் நீடிப்பவை. ஏற்கெனவே தெரிந்த நோய்க்கு எந்த நிறுவனமும் பணம் தருவதில்லை; நோய்க்கான காப்பு தொடங்கப் பெரும்பாலும் இரு வாரக் காத்திருப்பும் உண்டு. முதல் பரிசோதனையில் மருத்துவர் எழுதும் சிறு குறிப்பும் பின்னாளில் உங்களுக்கு எதிராகக் காட்டப்படலாம் என்பதால், குட்டி வீட்டுக்கு வரும் நாளிலிருந்தே காப்பீடு நடைமுறையில் இருக்கட்டும்.

7. உணவு: தமிழ்ச் சமையலறையில் கூடுதல் கவனம்

வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், சர்க்கரைக்கு மாற்றாகச் சேர்க்கும் சைலிட்டால் ஆகியவை நாய்க்கு நஞ்சு. வெங்காயமும் பூண்டும் சமைத்தாலும் தீங்கு குறையாது. சின்ன வெங்காயச் சாம்பார் கலந்த சோறு, பாயசத்தில் மிதக்கும் உலர் திராட்சை என்று நம் வீட்டில் அன்போடு ஊட்டப்படும் பலவும் இந்தப் பட்டியலில் வந்துவிடுகின்றன. ஊரிலிருந்து வந்து தங்கும் பெரியவர்களிடம் இதை முதல் நாளே பணிவாகச் சொல்லிவிடுங்கள். ‘எங்கள் வீட்டு நாய் எல்லாம் சாப்பிட்டதே’ என்ற பதில் வரும். நஞ்சு என்று மருத்துவரே சொன்னதாகச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள்.

இந்த இனத்துக்கே உரிய இன்னொரு தொல்லை, குளூட்டனோடு தொடர்புடைய தசைப்பிடிப்பு. இதை சி.இ.சி.எஸ். என்ற சுருக்கப் பெயரால் நெடுங்காலமாகக் குறிப்பிடுகிறார்கள். நாய் திடீரெனத் தள்ளாடும், கால்களை விறைத்துக்கொள்ளும், நடுங்கும், சில வேளை எழ முடியாமல் சாய்ந்துவிடும். ஆனால் நினைவு தப்பாது; நீங்கள் அழைத்தால் உங்களையே பார்க்கும். இதை வலிப்பு என்று தவறாகக் கருதி மருந்து தொடங்குவது நடக்கிறது. ஆகவே இப்படி ஒன்று நேர்ந்தால், பக்கத்தில் அமர்ந்து கைபேசியில் காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவருக்கு உங்கள் வருணனையைவிட அது பல மடங்கு பயன்படும். இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள்களைக் கொண்டு சோதிக்கும் முறை உண்டு. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களை முழுதாக நிறுத்தினால் பல நாய்களுக்குத் தொல்லை அடங்கிவிடுகிறது.

முழுதாக நிறுத்துவது என்பது சொல்வதுபோல் எளிதன்று. சப்பாத்தித் துண்டு, ரவை உப்புமா, பிஸ்கட் ஆகியவற்றை யாரும் உணர்ந்து விலக்கிவிடுவார்கள். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கும் என்பதை அட்டையைத் திருப்பிப் படிக்கும் வரை பலரும் அறிவதில்லை. எனவே ரசச் சோறும் அந்த நாய்க்கு ஆகாது. உப்பு சேர்க்காத வெறும் சோறு, வேகவைத்த கோழி, வெறும் இட்லித் துண்டு ஆகியவை பாதுகாப்பானவை.

எண்ணெய்ப் பலகாரம் எந்த நாய்க்கும் நல்லதன்று. பார்டர் டெரியருக்கு இரத்தக் கொழுப்பும் பித்தப்பைக் கோளாறும் வரும் வாய்ப்பு மற்ற இனங்களைவிட அதிகம் என்பதால் இன்னும் கண்டிப்பு வேண்டும். எடை கூடினாலும் தடித்த தோலும் முரட்டு முடியும் அதை மறைத்துவிடும். மாதம் ஒருமுறை விலா எலும்புகளைத் தடவிப் பாருங்கள். மெல்லிய தசைக்கு அடியில் எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும்.

இந்த நாய் வலியை வெளிக்காட்டாது. பல் உடைந்தும் வழக்கம்போல் உண்ணும். ஆகவே ஒருவேளை உணவை மறுத்தால்கூட அதைச் சிறிய செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

8. முடி: வெட்டக்கூடாது, பறிக்க வேண்டும்

வெளியே முரடான, மழைநீரை உள்ளே விடாத முடியும், அடியில் மென்மையான முடியுமாக இரண்டு அடுக்குகள் இந்த நாய்க்கு உண்டு. வெளிமுடி முற்றியதும் தானாக முழுதும் உதிர்ந்துவிடாது. ஆண்டுக்கு ஏறக்குறைய இருமுறை அதை விரலால் பறித்தெடுக்க வேண்டும். இதை ஹேண்ட் ஸ்ட்ரிப்பிங் என்கிறார்கள். மெஷினால் வெட்டிவிட்டால் முற்றிய முடியின் வேர் தோலிலேயே தங்கிவிடும். வளர்ந்து வரும் முடி மென்மையாகி, நிறம் மங்கி, நீரையும் சேற்றையும் உறிஞ்சத் தொடங்கும். பழைய நிலைக்குக் கொண்டுவர நெடுங்காலம் ஆகும். சில நாய்களுக்குத் திரும்புவதே இல்லை.

பெரும்பாலான நாய் சலூன்களில் மெஷின் வேலைதான் தெரியும். ‘டெரியர் டிரிம்’ என்று பலகையில் எழுதியிருப்பதை நம்பி விட்டுவிட்டு வந்து, கம்பளி உரித்த ஆடுபோல் நிற்கும் நாயைத் திரும்ப அழைத்து வந்தவர்களை எனக்குத் தெரியும். முன்பதிவு செய்யும்போதே ‘கையால் பறிப்பீர்களா, பிளேடு எதையும் பயன்படுத்துவீர்களா’ என்று நேரடியாகக் கேட்டு, பதிலைக் குறுஞ்செய்தியில் பெற்றுக்கொள்ளுங்கள். இந்த வேலை தெரிந்தவர்களிடம் காத்திருப்புப் பட்டியல் நீளமாக இருக்கும். குட்டிக்கு நான்கு மாதம் ஆகும்போதே பெயர் கொடுத்துவிடுவது நல்லது. ஒருமுறைக்கு 50 முதல் 80 பவுண்டு வரை ஆகும்.

வீட்டிலேயே செய்ய விரும்பினால் செய்யலாம். முதுகுமுடியைச் சிறிதளவு பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். எளிதாகக் கையோடு வந்தால் முற்றிவிட்டது என்று அறியலாம். பிறகு ஒரு கையால் தோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சில முடிகளை மட்டும் பற்றி, முடி வளரும் திசையிலேயே இழுக்க வேண்டும். முற்றிய முடியைப் பறிப்பதில் வலி இல்லை. முற்றாததை இழுத்தால் நாய் உங்களை எச்சரிக்கும். வேலைக்கு முன் குளிப்பாட்டாதீர்கள், வழுக்கும். ரப்பர் விரலுறையோ சாக்பீஸ் தூளோ பிடிமானம் தரும். ஒரே அமர்வில் முடிக்க வேண்டியதில்லை. தொலைக்காட்சி பார்த்தபடியே நான்கைந்து மாலைகளில் முடித்துவிடலாம். கருத்தடைக்குப் பிறகு பல நாய்களின் முடி பஞ்சுபோல் ஆகிவிடுகிறது. அத்தகைய முடியைப் பறிப்பது கடினம் என்பதால், அதற்கு மட்டும் மெஷினை ஏற்றுக்கொள்ளலாம்.

9. வெளியே அழைத்துச் செல்லும்போது

வளர்ந்த நாய்க்கு நாள்தோறும் ஒரு மணி நேர நடை வேண்டும். அழைத்தால் திரும்பி வரும் பழக்கம் உறுதியாகும் வரை, அதாவது பெரும்பாலும் முதல் ஆண்டு முழுதும், பத்து மீட்டர் நீளக் கயிற்றிலேயே ஓட விடுங்கள். கயிற்றைக் கழுத்துப்பட்டையில் மாட்டாமல் ஹார்னஸில் (மார்புப் பட்டையில்) மாட்டுங்கள்.

ஆடு மேயும் வயல் கண்ணில் பட்டால் கயிறு கையைவிட்டுப் போகக்கூடாது. கால்நடையைத் துரத்தும் நாயின் உரிமையாளர் குற்றவாளி ஆவார்; வேறு வழியில்லாத நிலையில் விவசாயி நாயைச் சுட்டாலும் சட்டம் அவருக்குப் பாதுகாப்பு அளிக்கக்கூடும்.

காட்டுப் பாதையில் பெரிய வளைகளைக் கண்டால் விலகிச் செல்லுங்கள். அது பேட்ஜர் என்ற காட்டு விலங்கின் வளையாக இருந்தால் நாயை அதற்குள் அனுப்புவதும் வளையைச் சேதப்படுத்துவதும் 1992ஆம் ஆண்டின் பேட்ஜர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நாய் தானாக உள்ளே நுழைந்து சிக்கிக்கொண்டாலும் மண்வெட்டியோடு தோண்டத் தொடங்காதீர்கள். வாசலில் அமைதியாகக் காத்திருந்து, வராவிட்டால் ஆர்.எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்கு நல அமைப்பை அழைத்து ஆலோசனை கேளுங்கள். பெரும்பாலும் தானாகவே வெளியே வந்துவிடும்.

10. ஊருக்குப் போகும் விடுமுறைக்கு முன்

நாயை உடன் அழைத்துச் செல்லும் எண்ணத்தைக் கைவிடுங்கள். இந்தியாவும் இலங்கையும் பிரிட்டனின் அனுமதிப் பட்டியலில் இல்லாத நாடுகள். திரும்பி வர மைக்ரோசிப், வெறிநாய்க்கடி ஊசி, ஊசி போட்டு 30 நாட்களுக்குப் பின் எடுத்த இரத்தச் சோதனை, பிரிட்டனுக்குள் நுழைவதற்கு 24 முதல் 120 மணி நேரத்துக்கு முன் நாடாப்புழு மருந்து ஆகிய அனைத்தும் சரியாக இருக்க வேண்டும். இரத்தச் சோதனையை அங்கே போய் எடுத்தால் மூன்று மாதம் காத்திருக்கவும் நேரிடும்.

ஆகவே நாய்க்காப்பகத்தையோ, தம் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்பவரையோ ஏற்பாடு செய்யுங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு இதைத் தொழிலாகச் செய்பவர் கவுன்சில் உரிமம் வைத்திருக்க வேண்டும்; எண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள். பள்ளி விடுமுறைக் காலத்துக்கான இடங்கள் மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடுவதால், விமானச் சீட்டு எடுப்பதற்கு முன் காப்பகத்தில் தேதி கிடைக்கிறதா என்று பாருங்கள். நீண்ட விடுமுறைக்கு முன் ஓர் இரவு மட்டும் அங்கே விட்டுப் பழக்குங்கள். தடுப்பூசி அட்டை, காப்பீட்டு எண், உணவுக் குறிப்பு, நீங்கள் இல்லாதபோது சிகிச்சைக்கு ஒப்புதல் அளிக்க இங்கே உள்ள ஒருவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரே உறையில் வைத்துக் கொடுங்கள். குளூட்டன் ஆகாத நாயாக இருந்தால் அதை உறையின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள். காப்பகங்களில் பரிசாகக் கொடுக்கும் நாய் பிஸ்கட்டுகள் பெரும்பாலும் கோதுமையால் செய்யப்பட்டவை.